நீலச் சேலையில் அத்தை

போன மாதம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். சென்னையில் ஏதோ கண்காட்சியில் மாட்டியிருந்த ஓவியம். நீலச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, பின்னால் கண்ணாடி ஜன்னல், அதற்கும் பின்னால் மேகம். முகத்தை இடப்பக்கம் திருப்பி, கழுத்தை லேசாகச் சாய்த்து, ஒரு கையால் மறு கையை முழங்கைக்கு மேலே பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். "என்ன ஒரு நளினம்", "நம்ம ஊருப் பொண்ணு மாதிரியே இருக்கு" என்றெல்லாம் எழுதினீர்கள். வரிசையாக இதயக் குறி போட்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. பிடிக்கவில்லையா என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். அவளுக்கு ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

அது என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. உங்களில் இரண்டு மூன்று பேர் அவளைப் பார்த்தும் இருக்கிறீர்கள். நம் எல்லோருக்கும் இப்போது அறுபதை ஒட்டி வயதாகிவிட்டது. இதைக் கேட்டுக் கோபப்படவேண்டிய அப்பாவும் போய்விட்டார். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். அட்டுவம்பட்டியில் அப்பா வாட்ச்மேனாக இருந்த பங்களா ஞாபகம் இருக்கிறதா? முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட வராந்தா, பக்கவாட்டில் ஏழெட்டுப் பேரி மரங்கள். பின்னால் ஓட்டுச்சாய்ப்பில் இரண்டு அறை எங்களுக்கு. அந்த வருஷம் ஆனியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காயவே காயாது. அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவாள். பள்ளிக்கூடச் சட்டையில் எப்போதும் தைலமரக் கட்டையின் புகை வாடை அடிக்கும். அதற்காக நீங்கள் என்னைக் கேலி செய்ததும் எனக்கு மறக்கவில்லை.

அத்தை ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். மலைக்கோடியில் இருக்கும் கிளாவரையில் கட்டிக்கொடுத்து நாலு வருஷம். குழந்தை இல்லை. கையில் ஒரு துணிப்பை, மேலே மெரூன் ஸ்வெட்டர். பித்தான் இரண்டு போயிருந்தது, ஊக்கு குத்தியிருந்தாள்.

"என்ன புள்ள, சொல்லாம கொள்ளாம?" என்றாள் அம்மா.

"சும்மாதான் மதினி. பாத்துட்டுப் போலாம்னு."

இரண்டு நாள் கழித்து, பேரி மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவளை நான் பக்கத்திலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. நாலாம் தடவை தோளைத் தொட்டதும் பதறி எழுந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இந்தப் பக்கமா வந்து சொல்லு தாயி. அந்தக் காது தூங்கிப்போச்சு" என்றாள். நானும் சிரித்தேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னது கேட்டது. "அவ புருசன் அறைஞ்சதுல ரத்தம் வந்துருக்கு. எடது காது சுத்தமா கேக்கலையாம். இங்கனயே இருந்துட்டுப் போகட்டுமே, ஒரு வாய்ச் சோறு நமக்குப் பாரமா?"

அப்பா காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். "பாரமில்ல. ஆனா அவளுக்குன்னு ஒரு வாசல் வேணும்ல? நம்ம காலத்துக்கப்புறம் எங்க போயி நிப்பா? கொஞ்ச நாள் இருக்கட்டும், ஆறிரும்" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தங்கை விஷயத்தில் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

படம் வரைகிற அந்த அம்மா, நாம் படக்காரம்மா என்று கூப்பிட்டவர், வந்தது அந்த ஆடியில். பங்களாவை இரண்டு மாதத்துக்கு எடுத்திருந்தார். மெட்ராசிலிருந்து கார் நிறையச் சாமான்: சாக்குத்துணி சுற்றிய பெரிய பெரிய சட்டங்கள், கண்ணாடிப் புட்டிகள், சாயம் படிந்த மர ஸ்டாண்டு. ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். கேட்டுக்கு வெளியே நாம் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தோம். உள்ளே வரச்சொல்லி ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். வீடு முழுக்கச் சாயம் கரைக்கிற டர்பன்டைன் நெடி. முதல் நாள் எனக்குத் தலைசுற்றியது, அப்புறம் அந்த நெடி இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது.

அத்தைதான் அவருக்கு வெந்நீர் கொண்டுபோய் வைப்பாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வாளியோடு வராந்தாவுக்குள் போனபோது படக்காரம்மா இடப்பக்கமிருந்து ஏதோ கேட்டிருக்கிறார். அத்தை சரியாகக் காதில் விழாமல் முகத்தைத் திருப்பி, கழுத்தைச் சாய்த்து, கேட்கிற காதை அவர் பக்கம் கொடுத்திருக்கிறாள்.

"அப்படியே இரும்மா! அசையாதே!"

அத்தை பயந்துபோய் வாளியைக் கீழே போட்டுவிட்டாள். தண்ணீர் ஓடி ஒரு சட்டம் நனைந்தது. திட்டுவார் என்று நினைத்தோம். அவரோ ஈரத் தரையிலேயே உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம். மெரூன் ஸ்வெட்டர் நன்றாக இல்லை என்று கழற்றச் சொன்னார். தன்னுடைய நீலக் கைத்தறிச் சேலை ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேகம் வந்து மோதிக்கொண்டிருக்கும். அத்தைக்குக் கை மயிர் குத்திட்டு நிற்கும். நடுங்குவது தெரியாமல் இருக்க ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

குழுவில் படத்தைப் பார்த்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் நேரிலும் பார்த்தேன். கல்லூரிப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கூட்டி வந்த ஆசிரியை, நவீன இந்திய ஓவியத்தில் பெண்ணின் நளினத்தை இத்தனை அமைதியாகச் சொன்ன படம் குறைவு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சாய்வில் நாணம் இருக்கிறது என்றார். ஒரு பிள்ளை கையைக் காட்டி, தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறாள் என்றது. நான் பார்க்கப் பார்க்க அத்தைக்குக் குளிர்ந்தது. ஆனால் படம் அழகாக இல்லை என்று சொன்னால் அது பொய். அத்தை அத்தனை அழகாகத்தான் இருந்தாள்.

படக்காரம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மழைக்குப் பள்ளிக்கூடம் விட்ட ஒரு நாள் நானே சொன்னேன். "அத்தைக்கு அந்தக் காது கேக்காதுங்க. மாமா அடிச்சதுல போயிருச்சு."

தூரிகை நின்றது. அத்தை உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியா?" என்றார். வெகுநேரம் படத்தையே பார்த்தார். "பாவம். வேற யார்கிட்டேயும் சொல்லாதே, என்ன?"

அதற்குப் பிறகு அத்தையிடம் பேசவேண்டுமென்றால் வலப்பக்கமாக வந்து நின்று பேசுவார். வரையும்போது மட்டும் பழையபடி இடப்பக்கமே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். இதை அந்த வயதில் நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் புரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை.

அத்தை அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள். அதையும் சொல்லவேண்டும். தூரிகை கழுவக் கற்றுக்கொண்டாள். நிறங்களின் இங்கிலீஷ் பெயரையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் படத்தின் முன்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், "இது நானாக்கும்? எவளோ மகராசி மாதிரி உக்காந்துருக்கா, பாரு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஆவணியில் மாமா வந்தார். ஒரு மூட்டை மலைப்பூண்டும் ஒரு புதுச்சேலையும் கொண்டுவந்தார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "மச்சான், இனி அவ மேல கை ஓங்குனா என் கை வெளங்காமப் போகட்டும்."

அப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. மாமா போன பிறகு அம்மாவிடம், "பாத்தியா, ஒரு ஆம்பள இப்படி அழுவானா? திருந்திட்டாரு மாப்ள" என்றார். அடுத்த புதன்கிழமை வந்து கூட்டிப்போவதாக முடிவாயிற்று. அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் ஈரத் துணிகளுக்குக் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

படக்காரம்மா திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை என்னைத் துவைக்கிற கல் பக்கம் கூட்டிப்போனாள்.

"தாயி, எனக்காக ஒன்னு கேப்பியா? எனக்கு வாய் வரல. அவுக கூட மெட்ராசுக்கு வரட்டுமான்னு கேளு. சமையலு, தொவையலு எல்லாம் பாத்துக்கிடுவேன்னு சொல்லு. ஒரு மூலையில கெடந்துக்கிடுவேன்."

நான் ஓடினேன். படக்காரம்மா சட்டங்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தை சொன்ன மாதிரியே ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உங்க அத்தையை மெட்ராஸ்ல வெச்சு நினைச்சே பார்க்க முடியலையேம்மா. அந்த வெயில், அந்த நெரிசல். ஒரே மாசத்துல அவகிட்ட இருக்கிற இந்த அழகெல்லாம் போயிடும். இந்த மலைதான் அவ. இங்கேயே இருக்கட்டும்." என் கன்னத்தைத் தட்டினார். மிச்சமிருந்த சாயக் குழாய்கள் சிலவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்.

பங்களாவிலிருந்து துவைக்கிற கல்லுக்கு இருபது முப்பது அடிதான் இருக்கும். அத்தை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள். அந்த முகத்திடம் என்னால் சொல்ல முடியவில்லை.

"வரச் சொன்னாங்க அத்தை."

"நெசமாவா? எப்ப?"

"இப்ப இல்லையாம். ஊருக்குப் போயி கடுதாசி போடுவாங்களாம்."

அத்தை கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

புதன்கிழமை அத்தை மறுப்பே சொல்லாமல் கிளம்பினாள். "எம்புட்டுப் பக்குவமாப் போறா பாரு" என்று அப்பா பெருமைப்பட்டார். அடம் பிடித்து அழுதிருந்தால் அம்மா இன்னொரு தடவை பேசியிருப்பாள். அப்பாவும் இளகியிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பஸ் ஏறும் முன்பு என்னிடம் குனிந்து, "கடுதாசி பங்களாவுக்குத்தான் வரும். வந்ததும் கிளாவரை பஸ்ஸு கண்டக்டர்ட்ட குடுத்து விடு. தெனமும் அங்க பஸ்ஸடியில வந்து பாத்துக்கிடுறேன்" என்றாள்.

கிளாவரை பஸ் நாம் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு ஸ்டாண்டில் நிற்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேகமாகப் போய்விடுவேன். ஒரு மாதம் போல ஆகியிருக்கும், கண்டக்டரே என்னைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்.

"ஏ பாப்பா, நீதானே அட்டுவம்பட்டி வாட்ச்மேன் மக? ஒங்க அத்தை தெனமும் பஸ்ஸடியில வந்து நிக்குதும்மா. மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது. ஏதோ கடுதாசி வரணுமாமே? இருந்தா வெரசாக் குடு. எனக்கே சங்கட்டமா இருக்கு."

அன்றைக்கே உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். வராது என்று ஒரு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குப் போய் நோட்டில் நடுத்தாளைக் கிழித்து, அப்பாவின் பேனாவால் ஒரு கடிதம் எழுதினேன். என் கையெழுத்துக்கு நம் டீச்சர் எப்போதும் வகுப்பில் கைதட்டச் சொல்வார், ஞாபகமா? இருப்பதிலேயே அழகான எழுத்தில், பெரியவர்கள் எழுதுகிற மாதிரி எழுதினேன். கவலைப்படாதே. உன்னை மறக்கவில்லை. மழை விட்டதும் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாதே. நாலே வரி. கீழே பெயர் போடவில்லை. படக்காரம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது.

மறுநாள் கண்டக்டரிடம் கொடுத்தேன். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், சந்தோஷப்படுவாள், மழையில் நிற்காமல் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அன்று இடைவேளையில் உங்களோடு நொண்டி விளையாடிக்கூட இருக்கிறேன்.

எட்டோ ஒன்பதோ நாள் கழித்து ஒரு காலையில் கிளாவரையிலிருந்து ஆள் வந்தது. பூண்டுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள் என்றார்கள். குடித்தாளா, குடிக்கவைத்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி, வளைவுக்கு வளைவு அம்மா வாந்தியெடுத்தபடி வந்தாள். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. அத்தையை முற்றத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மெரூன் ஸ்வெட்டரை யாரோ அவசரமாக மாட்டியிருந்தார்கள், பித்தான்கள் ஓட்டை மாறிப் பூட்டியிருந்தன. கன்னத்தில் ஊதா நிறத்தில் ஒரு தடிப்பு. அப்பா அதைப் பார்த்தார். பார்த்ததும் மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "என்னடா பண்ணுன எந்தங்கச்சிய?"

மாமாவின் அண்ணன் குறுக்கே வந்தார். "சட்டைய விடுங்க. ஒங்க தங்கச்சி யோக்கியதைய நாங்க சொன்னா ஊரு காறித் துப்பும். தெனமும் பஸ்ஸடியில போயி எதுக்கு நின்னா? கடுதாசிக்கு! எவனோ கூட்டிக்கிட்டுப் போறேன்னு எழுதியிருக்கான். கையும் களவுமாப் புடிச்சோம். யாருடின்னு கேட்டதுக்கு வாயே தொறக்கல."

அப்பாவின் கை தானாக விட்டுவிட்டது. "எங்க அந்தக் கடுதாசி? காட்டுங்க" என்றார்.

"அந்தக் கருமத்தைப் பத்திரமா வெச்சிருப்பாகளா? அடுப்புல போட்டாச்சு."

காட்டியிருந்தால் ஒரு பார்வையில் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லாம் விளங்கியது. அத்தை யார் எழுதியது என்று சொல்லவில்லை. படக்காரம்மாவைக் காப்பாற்றவா, அல்லது என் எழுத்து என்று அடையாளம் கண்டுவிட்டாளா? என் நோட்டுகளை அவள் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறாள். அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

போலீஸ் வந்தது. யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று அப்பாவிடம் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டே இல்லை என்றார். திரும்பி வரும்போது அம்மா, "அந்தத் தடிப்பைப் பத்தி ஏங்க சொல்லல?" என்று கேட்டாள். "சொல்லி? கோர்ட்டுல வெச்சு அவ பேரை நாறடிக்கவா?" என்றார் அப்பா. மாமா அடுத்த தையிலேயே வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

எங்கள் வீட்டில் அத்தையின் படம் மாட்டவில்லை. திவசம் கொடுக்கவில்லை. அவள் பெயரையே யாரும் சொல்லவில்லை. நான் படித்தேன், டீச்சரானேன், கல்யாணமாகி மதுரைக்குப் போனேன். எத்தனை வருஷம்! ஒவ்வொரு லீவுக்கும் அட்டுவம்பட்டி போகும்போது இந்தத் தடவை அப்பாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போவேன். சொல்லாமலே திரும்புவேன். பத்து வயதில் எழுதியதற்கு நான் பிள்ளை என்று ஒரு சமாதானம் இருக்கிறது. அதற்குப் பிறகு மறைத்ததற்கு ஒன்றுமே இல்லை.

அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது நான் ஒரு மாதம் கூட இருந்தேன். நெஞ்சில் சளி கட்டிப் பேச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, ஒன்னு கேக்கவா? நீதான அவ பின்னாடியே திரிவ. அந்தக் கடுதாசிக்காரன் எவன்னு ஒனக்குத் தெரியுமா?"

மறு கையால் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"பயப்படாத. இப்பத் தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன். சும்மா மனசுல கெடக்கு, அதான்."

எனக்கு அப்போது ஐம்பது வயது. "தெரியாதுப்பா" என்றேன்.

அவர் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும் சொன்னார்.

"நாந்தான் புத்தியில்லாம அனுப்பி வெச்சேன். வாரேன்னு எழுதுனவன், எவனா இருந்தா என்ன, வெள்ளனே வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல."

பிறகு தண்ணீர் கேட்டார். தலையைத் தூக்கிப் பிடித்து இரண்டு மடக்கு கொடுத்தேன். குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.